பட்டக்காரரும் பட்டாவும்

கற்பனை ராஜ்ஜியம் ஒன்றை எழுத உட்காருகிறவர்கள் முதலில் வரைபடம் போடுவார்கள். நடுவில் ஒரு மலைத்தொடர். மலைமேல் மூன்று நாடு, நாட்டுக்கு ஒரு வம்சம். வம்சங்கள் எல்லாவற்றுக்கும் மூலமாக, எங்கோ தொலைவில் இருந்த மாநகரத்திலிருந்து வில்லோடு கிளம்பி வந்த அண்ணன் தம்பி மூவர். அவர்கள் தலையில் சுமந்து வந்த ஒரு தெய்வம். மலையின் உச்சியில், குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்கோயில். இதை ஒரு பதிப்பாளரிடம் கொண்டுபோனால் இந்த மாதிரி நிறைய வந்துவிட்டதே என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சேலத்திலிருந்து பார்த்தால் தெரிகிற சேர்வராயன் மலையில் இது ஊர்க்கதை. பாட்டி பேரனுக்குச் சொல்வது.

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, பக்கோடா முனையில் படம் எடுத்து, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மாரமங்கலம் அந்தச் சுற்றில் வராது. ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் 9 ஊராட்சிகளில் அது ஒன்று. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்க, அடியில் காப்பிச் செடி நிற்கும் சாலை வழியே போக வேண்டும். பெயரைப் பார்த்துவிட்டு, சமவெளியில் மங்கலம் என்றால் அந்தணர்க்குக் கொடுத்த ஊர் ஆயிற்றே, இங்கே எப்படி என்று ஆராயத் தோன்றும். ஒரு பெயரை வைத்துக்கொண்டு சரித்திரம் கட்டுவது ஆபத்தான வேலை, விட்டுவிடலாம். இங்கே வாழ்கிற மக்களின் பெயரே போதுமான புதிர்.

அவர்கள் மலையாளிகள். கேரளத்தார் அல்லர், பேசுவது தமிழ். மலையில் வாழ்கிறவர் என்று பொருள் சொல்வார்கள். மலை, ஆளி என்று பிரித்தால் மலையை ஆள்கிறவர் என்றும் ஆகும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்களே: 3,57,980 பேர். ஆனாலும் இந்தப் பெயர் அவர்களைப் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழை நீட்டியபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "கேரளாவுல எந்த ஊரும்மா?" மலையை ஆள்கிறவள் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறாள்.

முதலில் அந்த மூவர் கதை. காஞ்சிபுரத்தில் கரிராமன் என்ற தெய்வத்தைக் கும்பிட்டவர்கள், அங்கிருந்து கிளம்பி இந்த மலைகளுக்கு வந்தார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று பேர். பெரியவர் சேர்வராயன் மலையில் தங்கினார், நடுவர் பச்சைமலைக்கும் சின்னவர் கொல்லிமலைக்கும் போனார்கள். யார் எந்த மலைக்கு என்பது சொல்லுகிற ஊரைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். மூத்தவரைத் தன் மலைக்கு வைத்துக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது? பெரிய மலையாளி, பச்சை மலையாளி, கொல்லி மலையாளி என்ற பிரிவுப் பெயர்களுக்கு இந்தக் கதைதான் பத்திரம்.

இதை வைத்துக் கொண்டு காஞ்சியிலிருந்து எந்த நூற்றாண்டில் வந்தார்கள் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆள வந்தவன் வெளியிலிருந்து வந்தவனாக இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள ஒரு விதி. ரோமானியர்கள் தங்கள் மூதாதையை எரிந்துபோன டிராய் நகரத்திலிருந்து வரவழைத்தார்கள். இடைக்கால பிரிட்டனில், அதே மூதாதையின் வழிவந்த ஒருவனைக் கப்பலேற்றித் தங்கள் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டின் வடபாதிக்குக் காஞ்சிதான் டிராய். மண்ணிலேயே முளைத்தவனுக்கு மண் சொந்தமாகும். அடுத்தவன் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி வராது. அதற்குத் தூரத்திலிருந்து வந்த கௌரவம் வேண்டும்.

இனி ஆட்சி. சேர்வராயன் மலை மூன்று நாடுகள்: சேலநாடு, மோகநாடு, முட்டநாடு. நாட்டுக்கு ஒரு பட்டக்காரர். ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர் அல்லது மூப்பன். அவருக்குக் கை உதவியாகக் கங்காணி. கூட்டத்துக்கு ஆள் சொல்லி அனுப்புவது, விசேஷங்களில் மேற்பார்வை பார்ப்பது கங்காணி வேலை. பதவிகள் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறவை. 1883-ல் சேலம் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த லெஃபானு, 1909-ல் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்ட தர்ஸ்டன், 1918-ல் சேலம் கெசட்டியர் எழுதிய ரிச்சர்ட்ஸ் என்று வரிசையாக வந்த ஆங்கில அதிகாரிகளின் எழுத்தில் இந்த மலையாளிகளும் அவர்களுடைய தலைவர்களும் பதிவாகியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரருக்குப் பட்டக்காரர் ஒரு குட்டி ராஜாவாகத் தெரிந்திருக்கிறார்.

ராஜா என்ற சொல்தான் குழப்பத்தின் ஆரம்பம். கோட்டை இல்லை, படை இல்லை, கஜானா இல்லை. மூங்கில் தட்டியில் மண் பூசி, புல் வேய்ந்த வீடுகளில் அவருடையதும் ஒன்று. சாமையும் கேழ்வரகும் அவர் காட்டிலும் அதே மழையை நம்பித்தான் விளைந்தன. பிறகு என்ன அதிகாரம்?

பெரியவர்கள் சொல்லக் கேட்டால், அதிகாரம் முழுவதும் ஒரு தாம்பாளத்தில் இருந்தது. இரண்டு குடும்பத்துக்குள் தகராறு. பெண் வீட்டார் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறார்கள், அல்லது வரப்பு நகர்ந்துவிட்டது. கங்காணி வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார். மரத்தடியில் ஆண்கள் உட்காருகிறார்கள். பேச்சு முடியப் பொழுது சாய்ந்துவிடும். முடிவு என்று ஒன்று வந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். மூத்தவர் கை முதலில் போக வேண்டும். அவர் எடுத்தால் தீர்ந்தது. எடுக்காமல் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால், தீரவில்லை. இன்னும் பேச வேண்டும். ஊரில் தீராதது நாட்டுக்குப் போகும், பட்டக்காரர் முன்னால். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு வெற்றிலையை எடுக்காமல் இருப்பதால் ஒரு மலையை நிறுத்தி வைக்க முடிந்த ஆட்சி அது. அபராதம் கட்டாதவரை ஊரை விட்டுத் தள்ளி வைக்கலாம்; மலையில் தள்ளி வைக்கப்பட்டவனுக்குக் கதிர் அறுக்க ஆள் வராது, சாவுக்குத் தோள் கொடுக்க ஆள் வராது. சிறைச்சாலை எதற்கு?

இதை இனிப்பாகச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. மரத்தடியில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். யாருடைய கல்யாணம் அறுந்தது, யாருடைய பிள்ளை யாருக்கு என்பதெல்லாம் எந்தப் பெண்ணைப் பற்றியதோ அவளுக்கு அங்கே இடம் இல்லை.

நாடு என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். இன்று நாடு என்றால் தேசம். சோழர் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு வட்டாரம். அதன் பெரியவர்கள் நாட்டார். வரி, நீர்ப்பங்கீடு, கோயில் கொடை என்று அவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பேரரசுகள் வந்து போன பிறகு சமவெளியின் பெரும்பகுதியில் இந்த அமைப்பு கரைந்துவிட்டது. மலைகளிலும், மறவர், கள்ளர் சீமைகளிலும் தங்கிவிட்டது. உசிலம்பட்டிப் பக்கம் எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம் என்று இன்றும் சொல்வார்கள். சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் உஞ்சனை, தென்னிலை, செம்பொன்மாரி, இரவுசேரி என்ற நான்கு நாட்டாரும் ஆளுக்கொரு வடம் பிடிக்கும் தேர் ஒன்று உண்டு. பட்டியலினத்தவரும் வடம் தொடலாமா என்ற கேள்வியில் அந்தத் தேர் நீதிமன்றம் வரை போய், ஆண்டுக்கணக்கில் நிலையிலேயே நின்றது. முதல் மரியாதை என்பது வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் அந்தத் தேரைப் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த மலைகளுக்கு இன்னும் பழைய பிரபுக்கள் இருந்தார்கள். சங்க இலக்கியம் சொல்லும் கடையெழு வள்ளல்களை எடுத்துக்கொள்ளுங்கள்: பாரிக்குப் பறம்பு, ஆய்க்குப் பொதியில், பேகனுக்குப் பொதினி, ஓரிக்குக் கொல்லி. ஏறக்குறைய எல்லாருமே மலைக்காரர்கள். நம் மலைகளைச் சுற்றி மட்டும் மூன்று பேர். கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை, திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அந்தக் காரியின் கோவலூரைத் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அடித்தான். அதியமானின் தகடூரைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். வெளிநாட்டுத் தொடர்களில் ஒருவர் பின் ஒருவராக வெட்டுப்பட்டு விழும் வம்சங்களைக் கண்கொட்டாமல் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, இந்த மலைகளைச் சுற்றி நடந்த இந்தச் சங்கிலி தெரியாமல் போனது நம் பாடப்புத்தகங்களின் திறமை. நெல்லிக்கனி மட்டும் மிஞ்சியது.

அதியமான் பாட்டில் மட்டும் இருந்த ஆள் அல்ல என்பதற்கு 1981-ல் ஒரு சான்று வந்தது. திருக்கோவலூர் வட்டாரத்தில் ஜம்பை என்ற ஊர்க் குன்றில், சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்று தமிழ்ப் பிராமியில் வெட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். சதியபுத்திரர் யார் என்று அசோகனின் கல்வெட்டைப் படித்தவர்கள் அதுவரை முட்டி மோதிக்கொண்டிருந்த கேள்வி, காரியின் ஊர்ப் பக்கத்துப் பாறையில் தீர்ந்தது. மலையமான் குடியும் காரியோடு முடிந்துவிடவில்லை. ராஜராஜ சோழனின் தாய் வானவன் மாதேவி அந்தக் குடியில் பிறந்தவள். கல்கி 1950-ல் பொன்னியின் செல்வனைத் தொடங்கியபோது கற்பனை வம்சங்களைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மலையமான், பழுவேட்டரையர், கொடும்பாளூர் வேளிர், சம்புவரையர் என்று கல்வெட்டே பாத்திரங்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தது.

ஆனால் ஓரிக்கும் பட்டக்காரருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைத்துவிட்டுச் சரடு திரிக்கக் கூடாது. ஓரிக்குப் புலவர்கள் தேவைப்பட்டார்கள். யானையும் பொன்னும் கொடுத்துப் பாட்டு வாங்கினான். பட்டக்காரருக்குப் பாட ஆள் இல்லை. அவரை ஒவ்வொரு நாளும் பார்க்கிற ஜனத்திடம் புகழ் எடுபடாது. மலையில் ராயன் என்ற பட்டம் உள்ளவர் ஒருவர்தான், அவர் தெய்வம். கடல் மட்டத்திலிருந்து 5,300 அடிக்கு மேல் இருக்கும் குகைக்கோயிலில் காவேரியம்மனோடு இருக்கும் சேர்வராயன். மே மாதத் திருவிழாவுக்கு மலை முழுக்க அங்கே கூடும். அந்தக் குகையிலிருந்து காவிரி வரைக்கும் சுரங்கம் போகிறது என்பார்கள். வாசலில் குனிந்து, பாதி இருட்டில், எண்ணெய்ப் பிசுக்கான கல்லில் கைவைத்து உள்ளே போனால் ராஜாவின் முன்னால் நிற்கிறோம்.

1792-ல் திப்பு சுல்தான் தோற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை எழுதியபோது, பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும், அவர் கீழே இருந்த இளைஞர் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளக்க வந்தார்கள். பழைய அரசர்கள் பட்டத்தைக் கொடுத்தார்கள்; புது அரசு பட்டாவைக் கொடுத்தது. இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான்: வடமொழியில் பட்டம் என்றால் நெற்றியில் கட்டும் துணி, எழுதப்பட்ட தகடு. தலையில் கட்டியது மரியாதை ஆயிற்று. எழுதியது நிலம் ஆயிற்று. என் வாதம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரே மக்கள், ஒரே மாதிரிப் பதவிகள், பக்கத்துப் பக்கத்து மலைகள். பின்னாளில் சேர்வராயன், கல்வராயன், கொல்லி என்ற மூன்று மலைகளும் மூன்று விதமாகப் போனதற்கு மக்களின் குணமோ தலைவர்களின் குணமோ காரணமில்லை. அரசு யாருக்கு எந்தக் காகிதத்தை எழுதிக்கொடுத்தது என்பதுதான் காரணம்.

கீழே சமவெளியில் காகிதம் எப்படிப் பிரபுக்களைச் செய்தது என்று முதலில் பார்த்துவிடலாம், வேடிக்கையான கதை. 1802-லிருந்து சேலம் மாவட்டத்தின் கிராமங்களை மிட்டா மிட்டாவாகக் கூறுபோட்டு ஏலம் விட்டார்கள். எடுத்தவர் மிட்டாதார். நேற்று வரை வட்டிக்கடை வைத்திருந்தவர் இன்று காலை பரம்பரைப் பிரபு. பாக்கி விழுந்தால் மிட்டா மறுபடி ஏலத்துக்கு வரும், வேறொரு பரம்பரை ஆரம்பமாகும். சேலம் ஜமீனையே பிஷ்ஷர் என்ற வெள்ளைக்காரர் வாங்கினார். எந்த மாயராஜ்ஜியக் கதையிலும் இவ்வளவு துணிச்சலாக வம்சத்தை உருவாக்கியதில்லை.

கல்வராயன் மலைக்கு வருவோம். சேர்வராயனுக்குக் கிழக்கே, இன்று சேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் பங்கான மலை. அங்கேயும் மலையாளிகள்தான். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று தலைமைக் குடும்பங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தங்களுக்கு மலை தரப்பட்டது என்பது அந்தக் குடும்பங்களின் பாத்தியதைக் கதை. கம்பெனியும் பிறகு வந்த ஆங்கில அரசும் அவர்களை ஜாகிர்தார்களாக ஏற்றுக்கொண்டன. ஒரே ஒரு சொல்தான் மாறியது. ஆனால் ஜாகிர்தார் என்றால் மலையே அவருடையது. மற்றவர்கள் அவருடைய குடிகள். உழுகிறவன் வரி கட்ட வேண்டும், கூலியில்லாமல் வேலையும் செய்ய வேண்டும். வெற்றிலைக்குக் காத்திருந்த கை வசூலுக்கு நீண்டது. நாடு விடுதலை பெற்றதும் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கல்வராயன் மலையில் ஜாகிர் தொடர்ந்தது. அரசு அந்த மலையைக் கையில் எடுத்தது 1976-ல், அவசரநிலைக் காலத்தில். இந்தியா குடியரசாகிக் கால் நூற்றாண்டு கழித்து ஒரு தமிழ் மலை ஜாகிர்தாரிடமிருந்து விடுபட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை ஏன் இல்லை என்று கேட்கும்போது இந்த ஜாகிர் வரலாறும் நீதிமன்றத்துக்குள் வந்தது.

சேர்வராயன் மலையில் நடந்தது வேறு. 1820-லிருந்து 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியை நட்டார். பேரி முதலான பழமரங்களையும் அவர்தான் கொண்டுவந்தார் என்பார்கள். காப்பிக்கு ஏற்ற உயரம், சமவெளிக்குப் பக்கம், குளிர் காற்று. தோட்டங்கள் வளர்ந்தன. பட்டக்காரர்களுக்கு ஜாகிர் காகிதம் கிடைக்கவில்லை; அது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் கல்வராயனைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. நிலக்காகிதம் தோட்டக்காரருக்குப் போனது. மலையில் புதிதாக ஒரு பிரபு வர்க்கம் உண்டானது. தோட்டத்துப் பேச்சில் மேலாளர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்ன துரை. அவர்களுக்கும் மாளிகை, விருந்து, குதிரை, வேட்டை எல்லாம் இருந்தன. கற்பனை ராஜ்ஜியத்துக்கு வேண்டிய சாமான் முழுவதும் இந்த வீடுகளில்தான் இருந்தது, பட்டக்காரர் வீட்டில் இல்லை.

துரைகளின் படிநிலையில் கீழே ஒரு பதவி உண்டு. ஆள் சேர்த்து, முன்பணம் கொடுத்து, வரிசையில் நிறுத்தி வேலை வாங்குகிறவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் மலாயா ரப்பர் தோட்டங்களிலும் லட்சக்கணக்கான தமிழர்களின் தலையெழுத்தை எழுதிய அந்தப் பதவிக்குப் பெயர் கங்காணி. மலையாளி ஊரில் மூப்பனுக்கு உதவியாக வீடு வீடாகப் போய்க் கூட்டத்துக்கு அழைத்தவருக்கும் அதே பெயர். கண்காணிக்கிறவன் என்பது தமிழ்நாடு முழுக்க இருந்த பழைய சொல்தான். மலையிலிருந்து தோட்டத்துக்குப் போனதென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மலையில், ஒரு மைல் தூரத்துக்குள், ஒரு கங்காணி ஊரைக் கூட்டப் போனார். இன்னொரு கங்காணி ஊரைக் கலைத்து ஆளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அந்த இருவரும் ஒரே காலைப் பனியில் எதிரெதிரே நடந்து வருவதாக நினைத்துப் பார்த்தால், சேர்வராயன் மலையின் பத்தொன்பதாம் நூற்றாண்டு விளங்கிவிடும்.

இந்த இரண்டு மலைகளின் கதையைப் படிக்கும்போது எனக்கு ஸ்காட்லாந்தின் ஞாபகம் வருகிறது. அங்கே மேட்டுநிலத்துக் குலத்தலைவர்களும் பட்டக்காரர்கள் மாதிரிதான்: குலத்துக்கு நீதி சொல்கிறவர்கள், சண்டைக்கு அழைக்கிறவர்கள். 1746-ல் கலகம் தோற்ற பிறகு பிரிட்டிஷ் அரசு அவர்களுடைய பரம்பரை நீதி அதிகாரத்தைச் சட்டம் போட்டுப் பிடுங்கியது; நிலத்தை விட்டுவைத்தது. நீதி போய் நிலம் மட்டும் மிஞ்சிய தலைவன் இரண்டு தலைமுறையில் வெறும் நிலச்சுவான்தார் ஆனான். ஆட்டுக்கு விட்டால் லாபம் என்று தெரிந்ததும் தன் குலத்தாரையே வீட்டைவிட்டு விரட்டினான். கல்வராயன் அந்தப் பாதையில் பாதி தூரம் போன மலை. சேர்வராயனில் தலைகீழ்: நிலம் போய் நீதி மட்டும் மிஞ்சியது. நிலமில்லாத நீதியால் யாரையும் விரட்ட முடியாது. யாரையும் காப்பாற்றவும் முடியாது. தோட்டத்து எல்லைக்கல் நகர்ந்தால் அந்த வழக்கு மரத்தடிக்கு வராது, சேலம் கோர்ட்டுக்குப் போகும். பட்டக்காரர் கேட்க முடிந்ததெல்லாம் இரண்டு மலையாளிகளுக்குள் நடந்த வரப்புத் தகராறு.

கொல்லிமலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே காகிதம் பெயரையே எடுத்துக்கொண்டது. கொல்லிமலை ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் இன்று நாடு என்ற பெயரில்தான் இருக்கின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று போகும். ஊராட்சிக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் சோழர் காலத்துச் சொல்லை நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மாரமங்கலத்தில் அந்தப் பலகையில் வெறும் மாரமங்கலம் ஊராட்சி. சேலநாடும் மோகநாடும் முட்டநாடும் எந்தப் பலகையிலும் ஏறவில்லை, பேச்சில் இருக்கின்றன.

இன்றைய ஆட்சி பற்றியும் இரண்டு வார்த்தை. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது, 1996-ல் தேர்தல் நடந்தது. மரத்தடிக்குப் பக்கத்தில் ஊராட்சித் தலைவர் நாற்காலி வந்தது. சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென ஒதுக்கிய தொகுதிகள் தமிழ்நாட்டில் இரண்டுதான்: ஏற்காடு, சேந்தமங்கலம். ஏற்காட்டில் 2013 இடைத்தேர்தலில் சரோஜா வென்றார், 2016-லும் 2021-லும் சித்ரா வென்றார். மரத்தடியில் பெண்ணுக்கு இடமில்லாத மலைக்காகப் பெண்கள் கோட்டையில் போய் உட்கார்ந்தார்கள். இதை யாரும் புரட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னபோது அதற்கென்ன என்பதுபோலப் பார்த்தார்.

இன்னொரு பக்கம், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஓர் அங்குலம்கூடத் தமிழ்நாட்டில் இல்லை. அறிவித்திருந்தால் 1996-ல் வந்த மத்தியச் சட்டப்படி கிராம சபைக்குத் தன் வழக்கப்படி தகராறு தீர்க்கவும், நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் அதிகாரம் இருந்திருக்கும். ஆந்திராவிலும் ஒடிசாவிலும் உள்ள மலைகளுக்கு உண்டு. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டமும் தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது. 2016-ல்தான் தடை விலகியது. பட்டக்காரருக்குக் கிடைக்காத காகிதம் கிராம சபைக்கும் கிடைக்கவில்லை என்று சொன்னால் சட்டம் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

மாரமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் டீக்கடையில் கேட்டேன். "ஊர்க்கவுண்டர் வீடு எதுங்கய்யா?"

"அதா தெரியுதுங்களே, அதுதானுங்க."

அவர் காட்டிய பக்கம் ஏழெட்டு வீடுகள். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. தொகுப்பு வீடு, தகர நீட்டிப்பு, வாசலில் காய வைத்த காப்பிப் பழம். எதுவென்று மறுபடி கேட்க வெட்கமாக இருந்ததால் நடந்து போய், கூரைக்கு வெளியே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்த வீட்டில் நின்றேன். சரியான வீடுதான். மிளகு ஆய்ந்துகொண்டிருந்தார். பழைய சங்கதி கேட்க வந்திருக்கிறேன் என்றதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார். ரேஷன் கார்டு, ஆதார், மகனுடைய சாதிச் சான்றிதழ், பட்டா நகல், கூட்டுறவு வங்கிப் பாஸ்புத்தகம், எதற்கென்றே தெரியாத இரண்டு ரசீதுகள். வந்தவன் ஏதோ ஆபீசிலிருந்து வந்திருக்கிறான் என்று நினைத்துவிட்டார். இதெல்லாம் வேண்டாங்கய்யா, ஊர்க்கவுண்டர் பட்டம் உங்களுக்கு எப்படி வந்தது என்றேன்.

"எங்கப்பா இருந்தாருங்க," என்றார். அவ்வளவுதான் பதில். காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கவருக்குள் வைத்தார்.

அந்த நேரம் பைக்கில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். ஒருவன் கையில் மஞ்சள் பை. பையிலிருந்து ஒரு சில்வர் தட்டை எடுத்து, அதில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்தான். "ஞாயித்துக்கெழம காது குத்துங்க பெரியப்பா. மொதல்ல இங்கதான் வந்தோம்."

பெரியவர் எழுந்தார். மிளகுக் கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தட்டின் முன்னால் வந்து நின்றார். பத்திரிகையைப் படிக்கவில்லை. யார் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டார். பையன் ஒவ்வொரு வீடாகச் சொன்னான். ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. அந்த வீட்டுக்கும் இவர்களுக்கும் ஏதோ பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. பையன் தரையைப் பார்த்தான். பெரியவர் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அவங்களுக்கும் சொல்லிர்றோமுங்க," என்றான் பையன்.

அப்புறம்தான் வெற்றிலையை எடுத்தார்.